ஃபுட்டி: புதிதாகப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்பர்னுக்குக் குடிவரும் நம்மவர்கள் பலர் முதல் குளிர்காலத்திலேயே ஃபுட்டியை, அதாவது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தை, கைவிட்டுவிடுகிறார்கள். "ஒழுங்கே இல்லாத ஆட்டம், ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறார்கள்" என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஒழுங்கு இருக்கிறது. 1859இல் அதே மெல்பர்னில் எழுதிவைத்த விதிகளிலிருந்து வளர்ந்துவந்த ஒழுங்கு அது. கால்பந்தையோ ரக்பியையோ மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களுக்கு அது புலப்படுவதில்லை.

நாடு முழுவதும் ஒரே ஃபுட்டிதான் என்று எண்ணிவிட வேண்டாம். மெல்பர்ன், அடிலெய்ட், பெர்த் பக்கம் ஃபுட்டி என்றால் ஏஎஃப்எல் (ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக்). சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் பெரும்பாலோர் சொல்வது ரக்பி லீக். அது அணிக்கு 13 பேர் ஆடுவது. பந்தை முன்னோக்கி எறியக் கூடாது. ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் அது டிரை: நான்கு புள்ளி. சிட்னி உறவினர் "ஃபுட்டிக்குப் போகலாமா?" என்று கூப்பிட்டால் எது என்று கேட்டுவிடுங்கள். ஆனால் வடக்கே ஏஎஃப்எல்லுக்கு ஆளே இல்லை என்பதும் தவறு. 2024, 2025 இரண்டு ஆண்டும் ஏஎஃப்எல் கோப்பையை வென்றது பிரிஸ்பேன் லயன்ஸ்தான்.

இனி ஏஎஃப்எல் பற்றியே பேசுகிறேன். அணிக்கு 18 பேர் ஆடும் இந்த ஆட்டத்தில் ஆஃப்சைடு கிடையாது. கோல்கீப்பரும் இல்லை. "அவர் ஏன் அங்கே நிற்கிறார், தப்பாட்டம் அல்லவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் முதல் கால் பகுதி அதிலேயே போய்விடும். ஆட்டம் ஓடும்போது யாரும் எங்கும் நிற்கலாம். பந்தை எந்தத் திசையிலும் அனுப்பலாம். எப்படி அனுப்புகிறார்கள் என்பதில்தான் கட்டுப்பாடு. உதைக்கலாம், அல்லது ஒரு கையில் பந்தை ஏந்தி மறு கையின் முஷ்டியால் குத்தலாம் (இதுதான் ஹேண்ட்பால்). எறிந்தால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். பந்தோடு ஓடுகிறவர் 15 மீட்டருக்குள் ஒரு முறை அதைத் தரையில் தட்டியோ தொட்டோ எடுத்தாக வேண்டும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது புள்ளிக் கணக்கில். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே, வேறு யார் மேலும் படாமல், பந்தை உதைத்து அனுப்பினால் கோல்: ஆறு புள்ளி. உயரக் கம்பத்தில் பட்டாலோ, வழியில் ஒரு விரல் உரசினாலோ, பக்கத்துக் கம்பத்துக்கும் உயரக் கம்பத்துக்கும் நடுவே போனாலோ பிஹைண்ட்: ஒரு புள்ளி. பலகையில் 10.8 (68) என்று இருப்பதைத் தசம எண்ணாகப் படிக்கக் கூடாது. 10 கோல், 8 பிஹைண்ட், மொத்தம் 68.

பிஹைண்டைக் குறி தவறியவருக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசாக நினைப்பதை நான் பெரிய தவறாகவே கருதுகிறேன். 1966 இறுதிப் போட்டியில் செயின்ட் கில்டாவும் காலிங்வுட்டும் கடைசி நிமிடங்களில் சமநிலையில் இருந்தன. கூட்ட நெரிசலில் பேரி பிரீன் அவசரமாக உதைத்த பந்து தள்ளாடிப் போய் ஒரு பிஹைண்ட் ஆனது. 74-73. செயின்ட் கில்டா வென்ற ஒரே கோப்பை இன்றுவரை அதுதான். 2010 இறுதிப் போட்டியில் அதே இரு அணிகளும் மோதியபோது செயின்ட் கில்டா 10.8 (68), காலிங்வுட் 9.14 (68). ஒரு கோல் குறைவாக அடித்த அணியைச் சமநிலைக்குக் கொண்டுவந்தவை பிஹைண்டுகளே. அடுத்த வாரம் மீண்டும் ஆடி காலிங்வுட் வென்றது. தற்காப்பு வீரர் தம் கோல் எல்லைக்குள்ளேயே பந்தைத் தட்டிவிடுவதைப் பார்த்து "சொந்த கோலா?" என்று பதற வேண்டாம். ஆறு புள்ளி போகாமல் ஒன்றோடு நிறுத்துகிறார். அதன் பிறகு பந்தும் அவர் அணிக்கே வரும். நெருக்கடி ஏதும் இல்லாதபோது வேண்டுமென்றே அப்படிச் செய்தால் 2009 முதல் ஃப்ரீ கிக் கொடுக்கிறார்கள்.

பந்தோடு ஒருவர் பிடிபட்டதும் அரங்கம் முழுதும் "பால்!" (பந்து) என்று கத்தும்போது நடுவர் ஒரு சமயம் ஃப்ரீ கிக் தருகிறார், மறு சமயம் பேசாமல் இருக்கிறார். இதைப் பாரபட்சம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பந்தை வெளியேற்ற வாய்ப்பு இருந்தும் வைத்துக்கொண்டு பிடிபட்டாரா, கைக்கு வந்த கணமே மடக்கப்பட்டாரா என்பதைத்தான் நடுவர் பார்க்கிறார். முதலாமவர் உடனே முறைப்படி உதைக்கவோ குத்தவோ செய்யாவிட்டால் தண்டனை உண்டு. இரண்டாமவர் அதற்கு உண்மையாக முயன்றாலே போதும். பந்து ஒருவர் கைக்கு வருவதற்கு முந்தைய நொடியிலிருந்து அவரைக் கவனியுங்கள். பெரும்பாலான தீர்ப்புகள் விளங்கிவிடும்.

பிள்ளைகளோடு பூங்காவில் ஆடுகிறவர்களுக்குக் கொஞ்சம். பந்தை மேலே தூக்கிப்போட்டு உதைக்க வேண்டாம். டிராப் பன்ட் என்னும் உதையில் நீள்வட்டப் பந்தை முனை கீழிருக்க நிமிர்த்திப் பிடித்து, இடுப்பருகிலிருந்து நேரே கீழே விட வேண்டும். வலக்காலால் உதைக்கும் பிள்ளை வலக்கையால்தான் பந்தை இறக்க வேண்டும். இடக்கை குறுக்கே வந்தால் பந்து சாய்ந்துவிடும். சாய்ந்த பந்து எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கால்விரல் நுனியில் படக் கூடாது. ஷூவின் கயிறு கட்டும் மேட்டில் பட வேண்டும். சரியாகப் பட்டால் பந்து பின்னோக்கிச் சுழன்றபடி நேராகப் போகும். ஹேண்ட்பாலில் கட்டைவிரலை முஷ்டிக்குள் மடக்கிக் குத்தும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். விரல்தான் அடிபடும்.

பெண் பிள்ளைகளுக்கு நெட்பால்தான் என்று ஒதுக்குவதும் காலம் கடந்த பழக்கம். ஏஎஃப்எல் மகளிர் போட்டி 2017 முதல் நடக்கிறது. விருப்பப்பட்டு நெட்பால் ஆடினால் அதுவும் அருமையான ஆட்டம்தான். அதைக் கூடைப்பந்து என்று நினைத்துப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடாமல் இருந்தால் சரி. கையில் வந்த பந்தை மூன்று நொடிக்குள் கைமாற்ற வேண்டும். ஏழு பேரில் இருவர் மட்டுமே வளையத்தில் போடலாம்.

மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் இரு அணி ரசிகர்களும் கலந்தே உட்காருவார்கள். எதிரணிச் சட்டைக்காரர் பக்கத்தில் அமர்ந்தால் இடம் மாற வேண்டியதில்லை. கத்தலாம், கேலியும் செய்யலாம். நிறத்தைச் சொல்லி ஏசுவதை மட்டும், யார் செய்தாலும், கேட்டுக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. 1993இல் பழங்குடி வீரர் நிக்கி வின்மார், தம்மை ஏசிய கூட்டத்தின் முன்னே சட்டையை உயர்த்தித் தம் தோலைச் சுட்டிக்காட்டி நின்றார். இந்த ஆட்டத்தைப் பார்க்கும் நம் பிள்ளைகள் கோல் கணக்கோடு அதையும் அறிந்திருக்க வேண்டும்.

நேரக் கணக்கிலும் ஏமாறாதீர்கள். ஒரு கால் பகுதி 20 நிமிடம் என்பது காகிதத்தில்தான். ஆட்டம் நிற்கும்போது கடிகாரமும் நிற்பதால் அரை மணி வரை நீளும். கடைசி ரயிலுக்கு அதற்கேற்பத் திட்டமிடுங்கள். இறுதி சைரன் ஒலித்ததும் எழுந்துவிடவும் வேண்டாம். சைரனுக்கு முன்பே காலைவிட்டுப் போன பந்து கம்பங்களைக் கடந்தால் கணக்கில் சேரும். 15 மீட்டராவது பறந்து வந்த உதையை யாரும் தொடுமுன் பிடித்தால் அது மார்க். சைரனுக்கு முன் மார்க் பிடித்தவர், சைரன் ஓய்ந்த பிறகும் நிதானமாகத் தம் உதையை உதைக்கலாம். பின்தங்கிய அணி அப்படி வென்றதும் உண்டு. சாதாரணப் பருவ ஆட்டம் சமநிலையில் முடிந்தால் கூடுதல் நேரம் கிடையாது. தரவரிசைப் பட்டியலில் வென்றவருக்குரிய நான்கு புள்ளிகளை இரு அணிகளும் இரண்டிரண்டாகப் பகிர்ந்துகொண்டு வீடு திரும்பும்.