பள்ளிப் பாதுகாப்பில் மாணவருக்கும் ஊராருக்கும் பங்கு அளிப்பது எப்படி?

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீக்கிரையான பிறகே கீற்றுக் கொட்டகை வகுப்பறைகள் மீது கடுமையான நடவடிக்கை வந்தது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகே பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை இடிக்கும் பணி வேகம் பிடித்தது. எந்தச் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது என்பதை ஆய்வுக்கு வரும் அலுவலரைவிட அன்றாடம் அங்கே புழங்கும் பிள்ளைகள் நன்கு அறிவார்கள்.

அவர்கள் சொல்வதை முடிவாக மாற்றும் இடம் பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். ஆனால் முற்பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மார் எப்படி வருவார்கள்? நேரத்தை அவர்களிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

கூட்டத்துக்கு முன்பு, வகுப்புக்கு இருவராக மாணவர்களை அழைத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றி வாருங்கள். மாற்றுத்திறன் மாணவர்களும் சிறு வகுப்புப் பிள்ளைகளும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். கையால் வரைந்த வரைபடத்தில் அவர்களே ஆபத்தான இடங்களைச் சிவப்பு மையால் குறிக்கட்டும். மாணவிகளிடம் பெண் உறுப்பினர் ஒருவர் தனியே பேசுவது நல்லது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்பதைத் தலைமை ஆசிரியர் முன்னிலையில் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள்.

தீர்மானத்தில் ‘ஆவன செய்யப்படும்’ என்று எழுதுவது ஒன்றும் எழுதாததற்குச் சமம். யார், எந்தத் தேதிக்குள், எந்த நிதியிலிருந்து செய்வார் என்று எழுதுங்கள். பள்ளி வாசலில் வேகத்தடை, வழியிலுள்ள பாழுங்கிணறு போன்ற வெளி விவகாரங்களைக் கிராம சபைக்குக் கொண்டுசென்று தீர்மானமாக்குங்கள். எது நிறைவேறியது, எது ஏன் தள்ளிப்போனது என்பதைக் காலை வணக்கக் கூட்டத்தில் மாணவர்களுக்குத் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த முறை அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

பாலியல் சீண்டல் குறித்த புகாரை மட்டும் குழுவில் விவாதிக்கவோ ஊர்ப் பெரியவர்களை வைத்துச் சமரசம் பேசவோ கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அதைக் காவல் துறைக்கு உடனே தெரிவிப்பது கட்டாயம். குழந்தையின் பெயர் வெளியே வரக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஒவ்வொரு வகுப்பறையிலும் பிள்ளைகளின் கண்ணுயரத்தில் எழுதிவையுங்கள்.