‘ஹேட்’ எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

‘நேற்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன்’ என்று சொல்ல நினைப்பவர் அதை ஆங்கிலத்தில் ‘ஐ ஹேட் கம் டு யுவர் ஹவுஸ் எஸ்டர்டே’ என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார். கேட்பவர் தமிழராக இருந்தால் அதில் பிழை இருப்பதே பெரும்பாலும் தெரியாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரோ, வந்தபின் என்ன ஆயிற்று என்று அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். கடந்த காலத்தில் ஒன்றுக்கு முன்பே இன்னொன்று முடிந்துவிட்டதை ‘ஹேட்’ (had) சேர்த்துச் சொல்லும் பாஸ்ட் பெர்ஃபெக்ட் டென்ஸில் நாம் செய்யும் பிழைகளில் முக்கியமானது இதுதான்.

இதற்குக் காரணம் நம் தாய்மொழியிலேயே இருக்கிறது. ‘மழை தொடங்குவதற்குள் வீடு வந்து சேர்ந்திருந்தேன்’ என்னும்போது ஒரு நிகழ்ச்சிக்கு முன்பே இன்னொன்று முடிந்துவிட்டதைச் சொல்கிறோம். ‘போன வாரம் கல்யாணத்துக்கு மாமா வந்திருந்தார்’ என்னும்போதோ அந்த முன்பின் கணக்கு எதுவும் இல்லை. வந்தார், இருந்தார், போனார், அவ்வளவுதான். தமிழில் இந்த இரண்டு வேலைகளையும் ‘இருந்தார்’ செய்துவிடுகிறது. ஆங்கிலத்தின் ‘ஹேட்’ முதல் வேலையை மட்டுமே செய்யும். மாமாவுக்கு ‘அங்கிள் கேம் ஃபார் த வெட்டிங்’ என்பதே போதும். அலுவலக மின்னஞ்சல்களில் நாள்தோறும் காணக் கிடைக்கும் ‘ஐ ஹேட் சென்ட் த ஃபைல் எஸ்டர்டே’ என்பதும் இதே பிழைதான். அனுப்பியதை மட்டும் தெரிவிக்க ‘ஐ சென்ட் த ஃபைல் எஸ்டர்டே’ என்று எழுத வேண்டும். ‘வென் யூ கால்ட், ஐ ஹேட் ஆல்ரெடி சென்ட் த ஃபைல்’ என்று, எதற்கு முன்பு அனுப்பினோம் என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் ‘ஹேட்’ பொருந்துகிறது.

அது தேவைப்படும் இடத்தில் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்கலாம். பாரதியார் 1921-இல் காலமானார். இந்தியா 1947-இல் விடுதலை பெற்றது. ‘வென் இண்டியா பிகேம் ஃப்ரீ, பாரதியார் ஹேட் ஆல்ரெடி டைட்’ என்றால் கணக்கு சரி. ‘ஹேட் ஆல்ரெடி’ என்ற இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டுப் படித்தால், விடுதலை கிடைத்த வேளையில்தான் பாரதியார் இறந்தார் என்று ஆகிவிடும். இடையிலுள்ள ஏறத்தாழ 26 ஆண்டுகள் காணாமல் போய்விடுகின்றன.

‘வென்’ வரும் இடத்தில் இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது என்றால், ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ வரும் இடத்தில் அந்தச் சொல்லே முன்பின்னைக் காட்டிவிடுவதால் ‘ஹேட்’ இல்லாமலும் வாக்கியம் பிழையாகாது. டாக்டர் வருவதற்கு முன்பே நோயாளி இறந்துபோகும் வாக்கியத்தை இலக்கண வகுப்புகளில் நெடுங்காலமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் (அந்த நோயாளியை இதுவரை எந்த டாக்டரும் காப்பாற்றியதில்லை). ‘த பேஷன்ட் ஹேட் டைட் பிஃபோர் த டாக்டர் கேம்’ என்பதைத் தேர்வில் அப்படியே எழுதுங்கள். பேச்சில் ‘டைட்’ என்று மட்டும் சொன்னாலும் தவறில்லை. டாக்டருக்கும் ஒரு ‘ஹேட்’ கொடுத்து ‘ஹேட் டைட் பிஃபோர் த டாக்டர் ஹேட் கம்’ என்று எழுதுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

விதியைப் புதிதாகக் கற்றவர்கள், முன்னால் நடந்த எல்லாவற்றுக்கும் ‘ஹேட்’ போட்டுவிடுவதும் உண்டு. ‘எழுந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்’ என்று நாம் அடுக்குவதை, நடந்த வரிசையிலேயே ‘ஐ காட் அப், டுக் எ பாத், ஏட் அண்ட் காட் ஆன் த பஸ்’ என்று சொன்னால் போதும். பஸ் ஏறியபின் கதையைப் பின்னோக்கித் திருப்பி, பர்ஸை வீட்டிலேயே விட்டுவந்ததைச் சொல்லும்போதுதான் ‘ஐ ஹேட் லெஃப்ட் மை பர்ஸ் அட் ஹோம்’ என்று வரவேண்டும்.

வடிவப் பிழைகளுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. ‘ஹேட்’ என்பதற்குப் பின் வினையின் மூன்றாம் வடிவமே வரும் என்பதால் ‘ஹேட் வென்ட்’, ‘ஹேட் கேம்’ ஆகியவை தவறு. ‘ஹேட் கான்’, ‘ஹேட் கம்’ என்பவையே சரி. ‘ஐ ஹேட் ஹேட் மை லஞ்ச்’ என்பது காதுக்கு விநோதமாக ஒலித்தாலும் இலக்கணப்படி சரியானதே.

நிபந்தனை வாக்கியத்தில் மட்டும் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்பதில் ‘இருந்தால்’ வரும் பக்கத்துக்கு ‘ஹேட்’, ‘இருப்பேன்’ வரும் பக்கத்துக்கு ‘வுட் ஹேவ்’ என்று வைத்துக்கொண்டால் ‘இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்’ என்பது தானாக அமைந்துவிடும். ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்று அமெரிக்கர் சிலர் பேச்சில் சொல்வதைக் கேட்டு நாமும் அப்படி எழுதிவிடக் கூடாது. பேச்சில் ‘ஐ ஹேட்’, ‘ஐ வுட்’ இரண்டுமே ‘ஐட்’ என்று சுருங்குவதால், அடுத்து வரும் வினையைக் கவனிக்க வேண்டும்: ‘ஐட் கான்’ என்றால் ‘ஹேட்’, ‘ஐட் கோ’ என்றால் ‘வுட்’. ‘ஐட் கம்’ என்று வந்தால் வினையும் உதவாது. அதற்கு முதல் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றே என்பதால், முன்பின் வாக்கியங்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.