ஆக்ஸலாட்டில் வாங்கும் முன் தொட்டியைத் தயார் செய்யுங்கள்

ஆக்ஸலாட்டில் (axolotl) என்பது நீரில் வாழும், பல்லி போன்ற உருவமுள்ள சாலமாண்டர் வகை. தொட்டியையும் ஆக்ஸலாட்டிலையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, தலைக்கு வெளியே விரிந்து நிற்கும் செவுள்களை நேராகத் தாக்கும். தண்ணீர் தெளிவாக இருப்பதை நம்ப முடியாது. அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது.

அந்த அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவை முன்கூட்டியே தொட்டியில் வளர்க்க வேண்டும். முதலில் குளோரின் நீக்கிய தண்ணீரை நிரப்பி, ஃபில்டரை இரவு பகலாக ஓடவிடுங்கள். அப்புறம், பாக்டீரியாவுக்கு உணவாக, வாசனையோ சோப்போ சேராத அம்மோனியா திரவத்தை 2 பிபிஎம் (லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம்) அளவுக்குச் சேருங்கள். புட்டியைக் குலுக்கினால் நுரை அப்படியே நிற்கிறதா? அது வேண்டாம். சில நாளில் ஃபில்டர் பஞ்சில் குடியேறும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இதுவும் நஞ்சுதான். அதை நைட்ரேட்டாக்கும் இன்னொரு வகை பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும். பலர் பொறுமை இழப்பது இந்தக் கட்டத்தில்தான். அம்மோனியா இறங்கும்போதெல்லாம் மறுபடி சேருங்கள். இல்லையென்றால் பாக்டீரியாவுக்கு உணவில்லை. மொத்தம் 4 முதல் 8 வாரம் ஆகலாம். நோயில்லாத பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சு கிடைத்தால் சீக்கிரம் முடியும்.

2 பிபிஎம் அம்மோனியா சேர்த்து 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம் காட்டினால் சரி, தொட்டி தயார். சோதனைக்குத் திரவ வகை டெஸ்ட் கிட்தான் (test kit) நல்லது.

இந்த நாட்களில் தண்ணீர் 25 டிகிரி வரை இருக்கலாம். பாக்டீரியாவுக்கு அது பிடிக்கும். ஆக்ஸலாட்டிலோ மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரியின் குளிர்ந்த நீரில் வாழ்வது. கொண்டுவரும் முன் பெருமளவு தண்ணீரை மாற்றி, நைட்ரேட்டை 20 பிபிஎம்முக்குக் கீழும் வெப்பத்தை 16–18 டிகிரிக்கும் கொண்டுவாருங்கள். ஃபில்டர் பஞ்சை மட்டும் குழாய்த் தண்ணீரில் அலசவே வேண்டாம், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.