மூன்று நிமிடப் படத்துக்கு ஒரு சைக்கிளும் ஒரு கடைக் கொப்பியும்

போன மாசி மாதம் உயர்தரப் பிள்ளைகள் நான்கு பேர் என் ஸ்ரூடியோவுக்கு வந்தார்கள். புதுக்குடியிருப்புப் பக்கம் கலியாணவீடு, சாமத்தியவீடு, திருவிழா என்று வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். ஊடகக் கற்கைக்குக் குறும்படம் செய்யவேண்டும் என்று வருடத்துக்கு ஒரு குழுவாவது வந்துவிடும். இவர்களின் கையில் பதினொரு பக்கக் கதை இருந்தது. பங்கர், மழை, ஹெலி, கடைசியில் கடற்கரையில் ஒரு தாய் நின்று அழவேண்டும்.

"அழுறதுக்கு ஆள் இருக்கோ?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டு அம்மா இருக்கிறா அண்ணை. அவவின்ர மகனும் காணாமல் போனவர். அதால நல்லா வரும்" என்றான் ஒருவன். சொல்லி முடிக்கும்போதே அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

போரைப் பற்றி எடுக்காதீர்கள் என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. நாங்கள் எடுக்காமல் வேறு யார் எடுப்பது? ஆனால் அந்த அம்மாவின் அழுகையைப் புள்ளிக்காகக் கடன் கேட்கமுடியாது. அதோடு, திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது கணக்கு. பதினொரு நிமிடப் படத்தை சனிக்கிழமைகளில், அதுவும் ரியூசனுக்கு நடுவில், எடுத்து முடித்த பிள்ளைகளை நான் இதுவரை காணவில்லை. முதல் படம் மூன்று நிமிடம் போதும்.

கதையை மூடிவைத்துவிட்டு ஒரு தாளில் கையிலிருப்பதை எழுதச் சொன்னேன். நீங்களும் இதிலிருந்தே தொடங்குங்கள். அவர்களுடைய தாளில் வந்தவை: இரண்டு போன், ஒரு லேடீஸ் சைக்கிள், ஒருத்தியின் பெரியப்பாவின் பலசரக்குக் கடை, கிடுகு வேலியோடு ஒரு ஒழுங்கை, அதற்கப்பால் வயல். ஹெலி இல்லை. அதுவரை வாய் திறக்காமல் இருந்த பிள்ளை அப்போதுதான் சொன்னாள், சின்ன வயதில் கடைக்குக் கடன் கொப்பியோடு போவதுதான் தனக்குப் பெரிய வெட்கம் என்று. கதை வந்துவிட்டது. அதை ஒரே வசனத்தில் எழுதினோம்: கடனுக்குச் சாமான் வாங்கப் போன பிள்ளை வெறும் பையோடு திரும்பும் வழியில் அம்மாவுக்குச் சொல்ல ஒரு பொய்யைத் தயாரிக்கிறாள். உங்கள் கதை ஒரு வசனத்துக்குள் அடங்காவிட்டால் இன்னும் கமெராவைத் தொடவேண்டாம்.

அடுத்த வேலை ஷொட் பிரிப்பது. படம் கீறத் தெரியாது என்று பயப்படாதீர்கள். குச்சி மனிதர் போதும், ஆள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது விளங்கினால் சரி. கடைக் காட்சியை ஆறு ஷொட்டாகப் பிரித்தோம். தூரத்திலிருந்து கடை, சைக்கிள் வந்து நிற்கிறது. மேசையில் கொப்பி வைக்கப்படுகிறது. பெரியப்பாவின் விரல் கணக்கின் வழியே இறங்கிக் கடைசித் தொகையில் நிற்கிறது. பிள்ளையின் முகம். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி, "பழைய கணக்கு முடியட்டும் பிள்ளை. அம்மாட்டச் சொல்லும்" என்கிறார். கொப்பி மூடப்படுகிறது.

அந்த முகத்தில் என்ன நடிப்பது என்று பிள்ளை கேட்டாள். ஒன்றும் வேண்டாம், தராசைப் பார்த்துக்கொண்டு நில்லும் என்றேன். உங்கள் பாடத்தில் குலேஷோவ் விளைவு என்று வரும். ரஷ்யாவில் நூறு வருடங்களுக்கு முன்பு ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை சூப், சவப்பெட்டி என்று வேறு வேறு படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டிக் காட்டியபோது, பார்த்தவர்கள் அதே முகத்தில் பசி, துக்கம் என்று வேறு வேறாகக் கண்டார்களாம். விரல் நிற்கும் தொகைக்குப் பிறகு சும்மா நிற்கும் முகம் வந்தால், வெட்கத்தைப் பார்க்கிறவரே போட்டுக்கொள்வார். நடிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு இதைவிட உதவியான பாடம் கிடையாது.

கடையில் பெரியப்பா வலப்பக்கம் பார்த்தால் பிள்ளை இடப்பக்கம் பார்க்கவேண்டும். இருவருக்கும் நடுவில் ஒரு கோடு இருப்பதாக நினைத்து, கமெராவை எப்போதும் அதன் ஒரே பக்கத்தில் வையுங்கள். தாண்டினால் இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவதுபோல வரும்.

வெளிச்சத்துக்கு வருவோம். சித்திரை வருசப்பிறப்பை ஒட்டிய நாட்களில் வன்னியில் மதியச் சூரியன் அநேகமாக உச்சந்தலைக்கு நேரே நிற்கும். மாசி, பங்குனியிலும் அதிகம் சரியாது. அந்த நேரத்தில் எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் தெரியும். காலை எட்டரைக்குள் அல்லது பின்னேரம் நாலரைக்குப் பிறகு எடுங்கள். நிழல் பக்கத்து முகத்துக்கு ஒரு வெள்ளை ரெஜிபோம் மட்டையைப் பிடித்தால் போதும், பழைய ரீவீப் பெட்டிக்குள் இருக்கும். ஆறேகாலுக்குப் பொழுது பட்டால் அரை மணித்தியாலத்தில் இருட்டிவிடும், ஒட்டுசுட்டான் பக்கம் என்றால் யானையும் வரும். பொம்பிளைப் பிள்ளைகளை வெளிச்சத்தோடு வீட்டுக்கு அனுப்புங்கள்.

கடைக்குள் ரியூப் லைட் எரிந்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடக்கூடும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். போனில் செற்றிங் இருந்தால் செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் 50இல் ஒன்று என்று வையுங்கள். இல்லையென்றால் லைட்டை அணைத்து, வாசல் வெளிச்சத்துக்கு ஆட்களைத் திருப்புங்கள். போனை எயர்பிளேன் மோடில் போட்டு, படுக்கையாகப் பிடித்து, திரையில் தெரியும் முகத்தில் விரலை அழுத்திப்பிடித்து வெளிச்சத்தையும் போகஸையும் பூட்டிவிட்டு எடுக்கவேண்டும்.

பிள்ளைகள் தோற்பது படத்தில் அல்ல, ஒலியில். இரண்டாவது போனில் வயர் ஹாண்ட்ஸ்பிரீயைக் குத்தி, அதன் மைக்கைச் சட்டைக்குள் நெஞ்சடியில் ஒட்டிவிட்டு வொயிஸ் ரெக்கோடரை ஓடவிடுங்கள். ஒவ்வொரு ஷொட்டின் தொடக்கத்திலும் கமெராவுக்கு முன்னால் ஒருவர் கைதட்டினால், எடிற்றிங்கில் கை சேரும் படத்தையும் தட்டல் சத்தத்தையும் பொருத்திவிடலாம். வைகாசிக்குப் பிறகு சோளகம் என்ற தென்மேற்குக் காற்றுத் தொடங்கினால் மைக்குக்கு மேல் சின்னப் பஞ்சுத் துண்டு வேண்டும். நாங்கள் எடுத்த சனிக்கிழமை காற்று இல்லை, மயில் இருந்தது. பெரியப்பா "பழைய கணக்கு" என்று தொடங்கும் ஒவ்வொரு தடவையும் பின்வளவில் அது அகவியது. அது ஓய்ந்தபோது ஒரு லான்ட்மாஸ்ரர், இரண்டு சில்லு உழவு மெசின், வந்தது. ஏழாவது தடவைதான் சரிவந்தது. போகுமுன் எல்லோரையும் சத்தமில்லாமல் நிறுத்தி, வெறும் கடையின் ஒலியை ஒரு நிமிடம் பதியுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களை மூட அது கட்டாயம் தேவைப்படும்.

ஒழுங்கைக் காட்சியில் என் பிழையும் உண்டு. முதல் சனி பாதியை எடுத்தோம், மிச்சத்தை அடுத்த சனிக்கு வைத்தோம். சட்டை, தலைப்பின்னல், பையின் நிறம் எல்லாவற்றையும் படம்பிடித்து வைத்திருந்தோம். போய்ப் பார்த்தால் வேலிக்கு அப்பால் பொன் நிறத்தில் நின்ற நெல் இல்லை. வெட்டு மெசின் வந்து போய்விட்டது, வெறும் ஒட்டுத்தான் நின்றது. காலபோக அறுவடை நேரத்தில் வயலை நம்பியவன் நான்தான். கடைசியில் மிச்சத்தை சைக்கிள் சில்லு, செயின், ஹாண்டிலில் தொங்கும் வெறும் பை என்று கிட்டத்தில் எடுத்து முடித்தோம். உண்மையைச் சொன்னால் படத்தில் நல்ல பகுதி அதுதான்.

அனுமதி விசயத்தில் சோம்பல் வேண்டாம். அதிபரிடம் ஒரு கடிதம், நடிக்கும் பிள்ளைகளின் பெற்றோரின் ஒப்பம், கிராம சேவையாளருக்கு ஒரு சொல். முகாம் பக்கம் கமெராவைத் திருப்பவேண்டாம். ட்ரோன் வைத்திருக்கும் அண்ணா ஒருவர் எப்போதும் இருப்பார், அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், அவரை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். நல்ல பிரேம் கிடைக்கிறது என்று பற்றைக்குள் இறங்கவும் வேண்டாம். மிதிவெடிச் சிவப்புப் பலகை இன்னும் எல்லா இடத்திலும் கழற்றப்படவில்லை.

எடிற்றிங்குக்கு டாவின்சி ரிசோல்வ், கேடென்லைவ் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. போனிலேயே செய்தாலும் சரி. சோகப் பாட்டுப் போடுவோமா என்று கேட்டார்கள். செயின் சத்தம் போதும் என்றேன், இரண்டு நாள் கோபமாக இருந்தார்கள். தலைப்பை பாமினியில் அடிக்காதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தாகச் சிதறிப்போகும். யுனிகோட்டில் அடித்து, படமாகச் சேமித்துப் போடுங்கள்.

ஒப்படைக்கும் முன் கடையிலேயே லப்ரொப்பில் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினோம். தன் குரலைக் கேட்டுச் சிரித்தவர், விரல் இறங்கும் ஷொட்டில் நிறுத்தச் சொன்னார். "இது உண்மைக் கொப்பியெல்லோ? எங்கட சனத்தின்ர பேர், கடன் எல்லாம் தெரியுது." நான்கு பிள்ளைகளும் நானும் அந்த ஷொட்டை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறோம், ஒருவருக்கும் கண்ணில் படவில்லை.

அன்றைக்கே அவர் கடையில் ஒரு புதுக் கொப்பி வாங்கினோம். இல்லாத பெயர்களாக நிரப்பி, பழசாகத் தெரிய மட்டைக்குத் தேத்தண்ணிச் சாயம் பூசி வெயிலில் காயவைத்தோம். பின்னேரம் ஐந்து மணிக்கு அதே மேசை, அதே விரல். மயில் அன்றும் கத்தியது, ஆனால் அந்த ஷொட்டுக்குக் குரல் தேவைப்படவில்லை.