கடை ஃப்ரீசரைக் கண்காணிக்க: வெப்பநிலை, கரண்ட் இரண்டுக்கும் ஒரே செட்டப்

பேக்கரியோ ஐஸ்கிரீம் கடையோ வைத்திருப்பவர்கள் இரவில் கடையைச் சாத்தும்போது ஃப்ரீசர் முகப்பில் எரியும் எண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த எண் பெட்டிக்குள் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் காற்றின் வெப்பநிலை. பனீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பது அதில் தெரியாது. நடுராத்திரி கரண்ட் போய் வந்ததும் தெரியாது. என் மச்சானின் பேக்கரியில் ஒரு விசி கூலரும் (கண்ணாடிக் கதவு வைத்த குளிர்பெட்டி) ஒரு டீப் ஃப்ரீசரும் இருக்கின்றன. அவற்றுக்குச் செய்து கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இலக்கு. எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிகளின்படி குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழேயும், உறைந்த உணவு −18 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். 5-க்கும் 60-க்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். 5, −18 என்ற இரண்டு எண்களையும் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

படி 1: வாங்க வேண்டியவை

ஒரு இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்னக் கம்ப்யூட்டர் சில்லு), ஸ்டீல் குழாய்க்குள் வரும் டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் பெட்டிக்கு இரண்டு, ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் (சென்சாரின் டேட்டா வயருக்கும் பவர் வயருக்கும் நடுவில் போட), கரண்டை அளக்கப் பெட்டிக்கு ஒரு பிசெம்-004டி மீட்டர், ரவுட்டருக்கான மினி யூபிஎஸ். மென்பொருளுக்கு, போர்டில் ஓட இஎஸ்பிஹோம், அளவுகளைச் சேர்த்துக் காட்டி அலாரம் அனுப்ப ஹோம் அசிஸ்டன்ட். ஆர்டுயினோ என்ற புரோகிராம் எழுதும் மென்பொருளில் எல்லாவற்றையும் நீங்களே எழுதலாம்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து வைஃபை பாஸ்வேர்டு மாறும்போது உங்கள் கோடு உங்களுக்கே புரியாது. போர்டில் இஎஸ்பிஹோம் ஏற்றுவதற்கு யூட்யூபில் வீடியோ கொட்டிக் கிடக்கிறது, அதைத் தாண்டிவிடுகிறேன்.

ஒரு எச்சரிக்கை: இஎஸ்பி32-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் அது அணைந்திருந்தால் நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

படி 2: ஐஸில் ஒரு சோதனை

சந்தையில் போலி டிஎஸ்18பி20 நிறைய உலவுகிறது. பொடித்த ஐஸை டம்ளர் நிறையப் போட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, சென்சாரை நடுவில் நிறுத்திச் சில நிமிடம் கலக்குங்கள். 0 காட்ட வேண்டும். 0.4 காட்டினால் அந்த 0.4-ஐ செட்டிங்கில் கழித்துக்கொள்ளலாம். 2 டிகிரி தள்ளிக் காட்டுவதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அசல் சென்சாருக்கே அரை டிகிரி துல்லியம் −10 வரைதான் உத்தரவாதம், அதற்குக் கீழே பிழை கூடும். அதனால் ஃப்ரீசரில் −18 என்று காட்டினால் நான் திருப்திப்பட மாட்டேன், −20 பார்த்தால்தான் நிம்மதி.

படி 3: பாட்டில்

பலரும் இடறுவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள்.

சென்சாரை அப்படியே பெட்டிக்குள் தொங்கவிட்டால் அது காற்றை அளக்கும். கதவு திறந்தால் எகிறும், மூடினால் விழும். விசி கூலர் பனியை உருக்க அவ்வப்போது கம்ப்ரஸரை நிறுத்தும். நிமிர்ந்த ஃப்ரீசர்களில் அதற்கு ஹீட்டரே ஓடும். அந்த நேரத்தில் கூலரின் காற்று 9, 10 என்று ஏறி இறங்கும், உள்ளே இருக்கும் பாலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அலாரம் அடிக்கும். காற்று சென்சாரில் அலாரம் வைத்துப் பார்த்த வாரம் மச்சான் போன் செய்து, "மாப்ள, நீ மாட்டினது அலாரமா அசரீரியா? ராத்திரி எல்லாம் பேசுது" என்றார். இப்படி நாலு முறை அடித்தால் யாரும் போனை சைலன்ட்டில் போட்டுவிடுவார்கள். அதன்பிறகு நிஜ ஆபத்து வந்தாலும் யாருக்கும் கேட்காது.

தீர்வு ரொம்ப எளிது. 100 மில்லி இருமல் மருந்து பாட்டில் ஒன்றைக் கழுவி எடுத்து, மூடியில் துளை போட்டு, சென்சார் முனை பாட்டிலின் நடுவில் இருக்குமாறு இறக்குங்கள். உள்ளே கிளிசரின் 3 பங்கு, தண்ணீர் 2 பங்கு. கிளிசரின் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். இந்தக் கலவை −30-லும் உறையாது. வெறும் தண்ணீர் ஊற்றினால் ஃப்ரீசரில் உறைந்து பாட்டிலை உடைக்கும். அப்புறம் உருகும்போது 0 டிகிரியிலேயே வெகுநேரம் நின்று ஏமாற்றும். கலவை சேர்ந்த பாட்டில் ஒரு சின்னப் பால் பாக்கெட்டைப் போலத்தான் சூடாகும், குளிரும். ஒரு லிட்டர் பாட்டில் வைத்தால் நல்லதுதானே என்று தோன்றும், வேண்டாம். அது கடையில் இருக்கும் எந்தச் சின்னப் பொருளையும்விட மெதுவாகச் சூடாகி, கெட்டுப்போன பிறகுதான் சொல்லும்.

பாட்டில் சென்சார் உணவுக்கு, காற்று சென்சார் மெஷினுக்கு. இரண்டுக்கும் வேலை வேறு, இரண்டும் வேண்டும்.

பாட்டிலைப் பெட்டியிலேயே அதிகம் சூடாகும் இடத்தில் வையுங்கள். விசி கூலரில் பெரும்பாலும் கதவோரம். டீப் ஃப்ரீசரில் மேலே, ஐஸ்கிரீம் கூடை உயரத்தில். கூட்டம் உள்ள ஒரு மாலையில் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்டீல் குழாயின் வயர் நுழையும் வாயில் கொஞ்சம் எபாக்சி பசை வைத்து அடைத்துவிடுங்கள். அந்த வழியாகத்தான் ஈரம் இறங்கி சென்சார் சாகும்.

படி 4: வயர்

டீப் ஃப்ரீசரில் துளை போடாதீர்கள். அதன் பக்கச் சுவருக்குள்ளேயே குளிரூட்டும் கேஸ் குழாய்கள் ஓடுகின்றன. புது மெஷின்கள் பலவற்றில் இருப்பது ஆர்290, அதாவது புரொப்பேன்; சமையல் கேஸின் பங்காளி. அடியில் தண்ணீர் வடியும் துளை இருக்கும், அதன் வழியாக வயரை எடுத்துச் சுற்றிலும் அடைத்துவிடலாம். விசி கூலரில் மெல்லிய தட்டை வயரைக் கீல் பக்கத்துக் கதவு ரப்பருக்கு அடியில் விட்டால் போதும்.

சென்சாரின் மூன்று வயரையும் இணையுங்கள், டேட்டா வயரிலிருந்தே பவர் எடுக்கும் இரண்டு வயர் முறை வேண்டாம். சில நேரம் திடீரென 85 என்று ஒரு எண் வரும். சென்சார் இப்போதுதான் உயிர் பெற்றிருக்கிறது, இன்னும் அளக்கவில்லை என்று பொருள். ஆர்டுயினோவில் எழுதுபவர்களுக்கு −127 வந்தால் வயர் விட்டுப்போயிற்று. 85-ஐ வடிகட்டுங்கள். −127-ஐ மட்டும் வடிகட்டி மறைக்காமல், "சென்சார் இல்லை" என்று தனிச் செய்தியாக வரச் செய்யுங்கள்.

படி 5: அலாரம்

விசி கூலர் பாட்டில் 5-ஐத் தாண்டி அரை மணி நேரம் நின்றால் ஒரு டெலிகிராம் செய்தி; 8-ஐத் தாண்டினால் உடனே. ஃப்ரீசர் பாட்டில் −15-க்கு மேல் அரை மணி நேரம் நின்றால் செய்தி. ஐஸ்கிரீம் அந்த அளவுக்கு ஏறி இறங்கினாலே கெடாவிட்டாலும் நறநறவென்று ஐஸ் துகள் கட்டிவிடும்.

கரண்ட் போனால் என்ன ஆகும்? ரவுட்டரும் போகும், அலாரம் அனுப்ப ஆளே இருக்காது. அதனால்தான் மினி யூபிஎஸ். போர்டையும் ரவுட்டரையும் அதில் போடுங்கள். ஹோம் அசிஸ்டன்ட் கடையிலேயே ஓடினால் அதற்கும் பேக்கப் வேண்டும். கூடவே ஹெல்த்செக்ஸ் என்ற சேவைக்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறை போர்டு "இருக்கிறேன்" என்று சொல்லட்டும். அந்தச் சத்தம் நின்றால் வெளியிலிருந்து அந்தச் சேவை உங்களைக் கூப்பிடும்.

நீண்ட மின்வெட்டில் கதவைத் திறக்காமல் வைத்தால் நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் தாங்கும் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் கடையில் அந்தக் கணக்கை நம்பாதீர்கள். பாட்டில் என்ன சொல்கிறதோ அதுதான்.

படி 6: கரண்ட்

இதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பிசெம் மீட்டரோடு வரும் வளையத்துக்குள் ஃபேஸ் வயர் மட்டும் போக வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து விட்டால் ஒன்றை ஒன்று அழித்துப் பூஜ்யம் காட்டும்.

கடையில் கிடைக்கும் ஸ்மார்ட் பிளக் மலிவு, மாட்டுவதும் எளிது. ஃப்ரீசருக்கு மட்டும் எனக்கு அது பிடிக்காது. அதற்குள் ஒரு ரிலே, அதாவது தானாக மாறும் ஸ்விட்ச், இருக்கிறது. கரண்ட் போய் வந்த பிறகு அது "ஆஃப்" நிலையிலேயே நின்றுவிட்டால் காலையில் மொத்தச் சரக்கும் குப்பைக்கு. வளைய மீட்டர் வேடிக்கை பார்ப்பதோடு சரி, எதையும் நிறுத்தாது.

இனி வரைபடம் பேசும். மணிக்கு எத்தனை நிமிடம் கம்ப்ரஸர் ஓடுகிறது என்பதைப் பாருங்கள். வாரா வாரம் அது மெல்ல ஏறினால், சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரில் தூசி. பேக்கரியில் மைதா மாவும் சேர்ந்து கம்பளி மாதிரி படியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். துடைத்தும் குறையவில்லையா, கதவு ரப்பரைப் பாருங்கள். பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் தடையில்லாமல் வரும் இடத்தில்தான் குளிர் கசிகிறது. நிற்காமல் ஓடியும் பாட்டில் சூடாகிக்கொண்டே போனால் மெக்கானிக்கைக் கூப்பிடும் நேரம். கேஸ் குறைந்திருக்கலாம், கூலிங் காயிலைப் பனி மூடியிருக்கலாம்.

மீட்டரில் பவர் ஃபேக்டரையும் (இழுக்கும் கரண்டில் எவ்வளவு நிஜ வேலைக்குப் போகிறது என்ற விகிதம்) பாருங்கள். கம்ப்ரஸர் ஓடும்போது அது 1-க்குக் கீழே நிற்கும். ஹீட்டர் மட்டும் ஓடினால் கிட்டத்தட்ட 1. பனி உருக்கும் ஹீட்டர் அணையாமல் மாட்டிக்கொண்டதை இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

பின்சேர்க்கை: "மீட்டர் செத்துவிட்டது, பாட்டில் மட்டும் ஓடுகிறது" என்று சிலர் கேட்டிருந்தார்கள். பிசெம்மின் அளக்கும் பகுதி மெயின் கரண்டில்தான் உயிர் வாழ்கிறது, அதனால் மின்வெட்டில் பதில் சொல்லாது. அதையே மின்வெட்டு அறிவிப்பாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: மீட்டர் மௌனம், சென்சார் பேசுகிறது என்றால் கடையில் கரண்ட் இல்லை. பழைய வீடியோவைப் பார்த்து எழுதிய இஎஸ்பிஹோம் கோடு பிழை காட்டினால், 2024.6 பதிப்பிலிருந்து "டல்லாஸ்" என்ற பகுதி போய் "ஒன் வயர்" என்று மாறியிருக்கிறது. அந்த வரிகளை மட்டும் மாற்றுங்கள்.