டேவிட் லீன் படங்களை எடிட்டர் கண்ணால் பார்ப்பது எப்படி

பிரிட்டிஷ் இயக்குநர் டேவிட் லீன் என்றதும் பலருக்கும் பாலைவனமும் ஒட்டகமும்தான் நினைவுக்கு வரும். 1908-இல் இங்கிலாந்தின் கிராய்டனில், பிள்ளைகளைச் சினிமாவுக்கு விடாத குவேக்கர் (கிறிஸ்தவப் பிரிவு ஒன்று) குடும்பத்தில் பிறந்தவர். 1927-இல் கோமான் ஸ்டுடியோவில் டீ கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, கிளாப் அடித்து, செய்திப்படங்களை வெட்டி ஒட்டி எடிட்டரானார். நாடகாசிரியர் நோயல் கவர்டுடன் சேர்ந்து இயக்கிய முதல் படம் 1942-இல் வந்தபோது வயது 34. அவருடைய 16 படங்களையும் புரிந்துகொள்ள அந்த எடிட்டிங் மேசையிலிருந்து தொடங்குவதே சரி.

முதலில் டிவியைச் சரிசெய்யுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் எந்த கட்டின் (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குச் சட்டெனத் தாவும் இடம்) கூர்மையும் தெரியாது. பழைய படங்கள் 1.37:1 சட்டகத்தில் (அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்கு) எடுக்கப்பட்டவை. திரையை நிரப்ப இழுத்தால் முகங்கள் தட்டையாகும். பெரிதாக்கினால் தலை வெட்டுப்படும். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வருவதுதான் முறை.

'பிரீஃப் என்கவுன்டர்' (1945) படத்தில் ஆரம்பியுங்கள். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. ரயில் நிலைய டீக்கடையில் காதலர்கள் பிரியும் காட்சி தொடக்கத்திலும் முடிவிலும் வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, கேமரா யாரோடு இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் முறை அது வாயாடித் தோழியோடு கவுன்டரில் நிற்கிறது. நாயகி லாரா எழுந்து போனதே நமக்குத் தெரியாது. இரண்டாம் முறை லாராவோடு பிளாட்பாரத்துக்கு ஓடுகிறது, சட்டகம் சாய்கிறது, விரைவு ரயிலின் வெளிச்சம் அவள் முகத்தில் அடித்து அடித்துப் போகிறது. நடந்தது ஒன்றுதான், எதை மறைத்தார் என்பதில் இருக்கிறது வித்தை.

அடுத்து 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' (1946). முதல் ஐந்து நிமிடம் போதும். ஒருமுறை ஒலியோடு, ஒருமுறை ஒலியில்லாமல் பாருங்கள். காற்றும் கிளை முனகலும் போய்விட்டால் கைதி சிறுவனைப் பாய்ந்து பிடிக்கும் இடத்தில் பயம் பாதிதான் மிஞ்சும்.

இலங்கையின் கித்துல்கலையில் எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) படத்தில் கடைசி அரைமணி நேரம் முக்கியம். பாலத்தைச் சுற்றி யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு தாளில் வரைபடம் போடுங்கள். எவ்வளவு வெட்டினாலும் திசை குழம்பவில்லை என்பது தெரியும்.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) தொடக்கத்தில் இசை மட்டும், இருண்ட திரையில் சில நிமிடம் ஓடும். டிவி பழுது என்று தாவிவிடாதீர்கள். இரண்டு இரவாகப் பார்ப்பதானால் இடைவேளை அட்டையில் நிறுத்துங்கள். தீக்குச்சியை ஊதியதும் பாலைவன விடியல் வரும் கட், திரைக்கதையில் டிசால்வாகத்தான் (ஒரு ஷாட் மெல்லக் கரைந்து அடுத்ததாக மாறுவது) இருந்தது. எடிட்டர் ஆன் கோட்ஸ் தொகுத்த பணிப்பிரதியில் (எடிட்டிங்குக்கான தற்காலிகப் பிரதி) இரண்டு ஷாட்டும் நேராக ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் லீன் மனம் மாறினார். எடிட்டிங் மென்பொருள் கையில் இருந்தால், சொந்தமாக இரண்டு ஷாட் எடுத்து, ஒருமுறை நேராகவும் ஒருமுறை 24 பிரேம் (ஒரு நொடி) டிசால்வோடும் ஒட்டிப் பாருங்கள். டிசால்வில் வேகம் எங்கே தளர்கிறது என்று உடனே பிடிபடும்.

'ரயன்ஸ் டாட்டர்' (1970) விமர்சகர்களிடம் அடிவாங்கியபின் 14 ஆண்டு அவர் படம் ஏதும் வரவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நேராக 'எ பாசேஜ் டு இந்தியா' (1984) படத்துக்குப் போங்கள்: இயக்கம், திரைக்கதை, படத்தொகுப்பு மூன்றும் லீன்தான்.