ஆஸ்பத்திரித் திட்டத்தை நடைமுறைப்படுத்துவதும் அளந்து பார்ப்பதும்: பிரஷர் கிளினிக்கை வைத்து ஒரு செய்முறை

பல மருத்துவமனைகளில் ஐந்தாண்டுத் திட்டம் என்று ஒன்று இருக்கும். வழவழ அட்டை, உள்ளே ‘நோயாளிகளை மையமாகக் கொண்ட உயர்தர சேவை’ என்று ஒரு வரி. சரி, அதற்காகத் திங்கட்கிழமை காலை ஓபியில் யார் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. அந்த வரியிலிருந்து ஓபி வரைக்கும் எப்படி வருவது, வந்தபிறகு பலன் கிடைத்ததா என்று எப்படிப் பார்ப்பது என்பதுதான் இந்தப் பதிவு.

உதாரணத்துக்கு ஒரு தாலுகா மருத்துவமனையின் பிரஷர் கிளினிக்கை எடுத்துக்கொள்கிறேன். காரணம், இந்தியாவில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.), மத்திய சுகாதார அமைச்சகம், மாநில அரசுகள், உலக சுகாதார நிறுவனம் எல்லாம் சேர்ந்து 2017-இல் உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. பஞ்சாப், கேரளா, மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரா ஆகிய ஐந்து மாநிலங்களில்தான் ஆரம்பம். எல்லாருக்கும் ஒரே மருந்து முறை, தீராத மாத்திரை இருப்பு, நர்ஸும் பங்கெடுக்கும் குழு வேலை, நோயாளிக்குத் தோதான சேவை, ஒவ்வொருவரையும் தொடர்ந்து பார்க்கும் பதிவு: இந்த ஐந்தைத்தான் அது பிடித்துக்கொண்டது. கண்ணைப் பறிக்கும் புதுமை எதுவும் இதில் இல்லை.

படி 1: வரியை எண்ணாக்குங்கள்

‘உயர்தர சேவை’யை அளக்க முடியாது. ‘நம்மிடம் பதிவு செய்தவர்களில் எத்தனை பேருக்கு ஆறு மாதத்தில் பிரஷர் 140/90-க்குக் கீழே வந்தது?’ என்பதை அளக்கலாம். ஒரு குறிக்கோளுக்கு ஒரு முக்கிய எண் போதும். பதினெட்டு எண்களோடு தொடங்கும் குழு மூன்றாவது மாதமே எழுதுவதை நிறுத்திவிடும்.

படி 2: இன்றைய நிலையை முதலில் எழுதி வையுங்கள்

பழைய பதிவேட்டை எடுத்து உட்காருங்கள். அதில் ஒன்றைக் கவனியுங்கள்: பக்கம் பக்கமாக 130/80, 140/90, 150/90 என்றே இருக்கிறதா? எல்லா எண்ணும் பூஜ்யத்தில் முடிந்தால் யாரோ குத்துமதிப்பாக எழுதுகிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் டிஜிட்டல் கருவி வாங்குவதும், நோயாளியை ஐந்து நிமிடம் உட்கார வைத்து அளப்பதும்தான் திட்டத்தின் முதல் வேலை. அதைச் சரிசெய்யாமல் மேலே போனால் பிற்பாடு வரும் எந்தக் கணக்கையும் நம்ப முடியாது.

படி 3: வேலைக்குப் பெயர் போடுங்கள்

ஒரு தாள் போதும். வேலை, பொறுப்பாளர், தேதி, செலவு, இதற்காக எந்தப் பழைய வேலையை விடுகிறோம் என்று ஐந்து கட்டங்கள். பொறுப்பாளர் கட்டத்தில் ‘நர்சிங் பிரிவு’ என்று எழுதாதீர்கள், ஓர் ஆளின் பெயர் வேண்டும். கடைசிக் கட்டம்தான் எல்லாரும் காலியாக விடுவது. ஏற்கெனவே நான்கு பதிவேடு எழுதும் ஸ்டாஃப் நர்ஸிடம் ஐந்தாவதைக் கொடுத்தால், ஐந்தும் அரைகுறையாகும்.

மருந்தை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். 600 பேருக்கு தினமும் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை ஒன்று என்றால் 30 நாளுக்கு 18,000 மாத்திரை. இந்தக் கணக்கைப் பார்மசிஸ்ட் போட வேண்டுமானால், டாக்டர்கள் எல்லாரும் முதலில் எந்த மாத்திரை, அடுத்து எந்த மாத்திரை என்று ஒரே முறையை ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆளுக்கொரு மருந்து எழுதினால் இண்டென்ட் (மருந்து கேட்டு அனுப்பும் பட்டியல்) போடுவது வெறும் ஊகம்தான். டாக்டர்களை ஒத்துக்கொள்ள வைக்கக் கொஞ்சம் காலம் பிடிக்கும், அவசரப்பட வேண்டாம். அப்புறம், இரண்டு மூன்று மாதத்துக்கான கையிருப்பும் சேர்த்துக் கேளுங்கள்.

படி 4: சின்னதாக ஆரம்பியுங்கள்

வாரத்தில் ஒரு ஓபி நாள், ஓர் அறை, இரண்டு வாரம். வரிசை எங்கே தேங்குகிறது, நோயாளியின் பதிவு அட்டையில் எந்தக் கட்டம் யாருக்கும் புரியவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். திருத்திவிட்டு மற்ற நாட்களுக்குக் கொண்டுபோங்கள்.

படி 5: மாதம் ஒரு கூட்டம்

அரை மணி நேரம். சொன்ன வேலை நடந்ததா, நடக்காததற்கு எது தடை, அந்தத் தடையை யார் எடுப்பது? அவ்வளவுதான். டீ, பிஸ்கட் இருந்தால் நல்லது. திட்டுவதற்குக் கூட்டம் போட்டால் அடுத்த மாதம் எல்லா எண்ணும் அழகாக வரும், உண்மை வராது.

படி 6: மதிப்பீடு

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ‘12 முகாம் நடத்தினோம், 40 பேருக்குப் பயிற்சி கொடுத்தோம்’ என்பது வேலைப் பட்டியல். நோயாளிக்கு என்ன ஆனது என்பது வேறு கேள்வி.

ஜனவரி முதல் மார்ச் வரை 200 பேர் பதிவு செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை முதல் செப்டம்பர் வரை அவர்களில் 120 பேர் வந்தார்கள். கடைசியாக வந்தபோது 90 பேருக்கு பிரஷர் கட்டுக்குள் இருந்தது. வந்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் 75 சதவீதம், அறிக்கையில் போட ஆசையாக இருக்கும். பதிவு செய்த 200 பேரால் வகுத்தால் 45 சதவீதம். இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். வராமல்போன 80 பேரில்தான் பக்கவாதத்தோடு ஆம்புலன்ஸில் வரப்போகிறவர்கள் அதிகம் இருக்கக்கூடும்.

மீதி 110 பேரையும் இரண்டாகப் பிரியுங்கள். வந்தும் குறையாதவர்கள் 30 பேர்: இது பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் சிக்கல். மருந்தின் அளவைக் கூட்டாமல் பழைய சீட்டையே திரும்ப எழுதியிருப்பார்கள், அல்லது நோயாளி ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார். வராதவர்கள் 80 பேர்: இதற்கு டாக்டருக்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. பத்துப் பேருக்காவது போன் செய்து கேளுங்கள். ‘ஒருநாள் கூலி போகுது’, ‘பதினஞ்சு நாள் மாத்திரைதான் குடுத்தாங்க’, ‘தலைசுத்தல் நின்னுடுச்சு, அதான் விட்டுட்டேன்’ என்று வரும். ஒவ்வொரு பதிலுக்கும் தீர்வு வேறு. கூலி வேலைக்குப் போகிறவருக்கு மாலை நேர கிளினிக், மாத்திரை தீர்ந்தவருக்கு 30 நாள் சப்ளை. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தின் மூலம் மாத்திரையே வீட்டுக்குப் போகிறது. அந்தக் களப்பணியாளரிடம் உங்கள் 80 பேர் பட்டியலைக் கொடுங்கள்.

இன்னொன்றையும் அளக்க வேண்டும்: பிரஷர் கிளினிக்குக்கு ஒரு நர்ஸை மாற்றியதால் காய்ச்சல் ஓபியில் காத்திருப்பு கூடியதா? கூடியிருந்தால் அதையும் அறிக்கையில் போடுங்கள்.

படி 7: முடிவெடுங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வேலைக்கும் நேரே தொடரலாம், மாற்றலாம், விடலாம் என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். ‘விடலாம்’ என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை என்றால் மதிப்பீட்டைத் திரும்பப் போடுங்கள். அடுத்து ஏப்ரல் முதல் ஜூன் வரை பதிவானவர்களின் பட்டியலை எடுங்கள். அவர்களுக்கான கணக்கை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் முடிந்ததும் போடலாம்.